கக்காவும் கடற்பாசியும் கை நனைக்காத சம்பந்தியும்

பெண் பார்க்கப் போன வீட்டில் சம்மதம் சொல்லும் வரைக்கும் கை நனைக்கக் கூடாது. பாலக்காட்டை ஒட்டிய எங்கள் சித்தூர்ப் பக்கம் இது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். தண்ணீர் குடிக்கலாம். காப்பி குடிக்கலாமா என்பதில் என் பெரியப்பா மக்களுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. ஆனால் சாப்பாடு என்று ஒரு வாய் வைத்துவிட்டால், பெண்ணை எடுத்துக்கொண்டோம் என்று அர்த்தம். அப்புறம் ஜாதகம், நிறம், நிலம் என்று எதைப் பேசினாலும் ஊர் சிரிக்கும்.

இந்தச் சட்டத்தைத் தலையில் சுமந்துகொண்டு நான் போனது வேல்ஸ் நாட்டுக்கு. என் ஒரே மகன் பிரபு அங்கே ஸ்வான்சீ நகரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறான். கூட வேலை பார்க்கும் கேரிஸ் என்ற பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னான். கேட்கவில்லை, சொன்னான். சொந்தபந்தம் என்ன பேசும் என்ற கவலை எனக்கு இல்லாமல் இல்லை. ஆனால் பெரிய பயம் வேறு. அங்கே கட்டினால் பையன் திரும்பி வரமாட்டான். தென்னந்தோப்பும் நெல்வயலும் நாங்கள் இரண்டு பேரும் சித்தூரில் கிடப்போம். அவன் எப்போதாவது விருந்தாளி மாதிரி வந்து, கொசு கடிக்கிறது என்று புலம்பிவிட்டுப் போவான். அதனால் நேரில் போய், முகத்தைப் பார்த்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருவதாகத்தான் கிளம்பினேன். என் மனைவி கனகம் என்ன முடிவோடு கிளம்பினாள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

லண்டனில் ஏறிய ரயில் பாதி வழியில் நின்றது. ஒலிபெருக்கியில் ஒருவர் மன்னிப்புக் கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டார். பிறகு எல்லோரையும் இறக்கி ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். அந்த பஸ் டிரைவருக்கு வழி தெரியவில்லை. ஒரே ரவுண்டானாவைச் சுற்றிச் சுற்றி வந்தார். சித்தூரிலிருந்து பாலக்காடு போகிற பஸ்ஸில் இப்படி நடந்திருந்தால் வண்டியே இரண்டாகியிருக்கும். இங்கே ஒரு மனிதர்கூட வாயைத் திறக்கவில்லை. பக்கத்து இருக்கை அம்மாள் என்னிடம், "இன்றைக்குப் பரவாயில்லை" என்றார். எதோடு ஒப்பிட்டுப் பரவாயில்லை என்று கேட்கத் தெம்பில்லை.

ஸ்வான்சீயில் இறங்கினால் மழை. கோடைக்காலம் என்றார்கள். கனகத்துக்குக் கவலையில்லை, அவள் மலைமேல் காந்தலூர்க்காரி. குளிரிலேயே பிறந்து குளிரிலேயே பூண்டு நட்டு வளர்ந்தவள். நான் குரங்குக் குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டு நடுங்கினேன். பிரபு பெட்டிகளை காரில் ஏற்றிவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"என்ற ரூம்ல இன்னொரு கட்டில் போட எடமில்லீங்ப்பா. கேரிஸ் ஊட்டுல மாடில நல்ல ரூம் ரெடி பண்ணி வெச்சிருக்கறாங்க."

"பொண்ணு ஊட்டுலயா? பொண்ணு பாக்க வந்தவன் பொண்ணு ஊட்டுலயே பாய் போட்டுப் படுக்கறதாடா?"

"அப்பறம் இன்னொண்ணுங்ப்பா. நீங்க சம்மதிச்சுட்டீங்கன்னு அவங்ககிட்டச் சொல்லிப் போட்டனுங்க. சும்மா ஆசீர்வாதம் பண்ணத்தான் வர்றாங்கன்னு."

கார் ஓடிக்கொண்டிருந்தது. இல்லாவிட்டால் இறங்கியிருப்பேன். சம்மதம் சொல்லாதவன், சம்மதம் சொன்னவனாக, பெண் வீட்டிலேயே தங்கி, அங்கே சாப்பிடாமலும் இருக்க வேண்டும். ஏன் சாப்பிடவில்லை என்று சொல்லவும் முடியாது. பெற்ற பிள்ளை இதைவிட நன்றாக ஒருவனை மாட்டிவிட முடியாது.

அந்தக் கிராமத்தின் பெயரை நான் ஒரு தடவைகூடச் சரியாகச் சொல்லவில்லை. கழிமுகத்தை ஒட்டி ஒற்றைத் தெரு. கடல் வற்றினால் கண்ணுக்கெட்டிய வரை மணல், பொங்கினால் தெருவோரம் வரை தண்ணீர். பெண்ணின் அப்பா ஹியூ கக்கா, அதாவது மட்டிச் சிப்பி, வாருகிறவர். நம் கேரளத்துக் காயலில் கிடைக்கும் அதே கக்காதான், ஓடு கொஞ்சம் தடிமன். அரசாங்கத்தின் அனுமதிச் சீட்டு இருந்தால்தான் அந்த மணலில் கை வைக்கலாமாம். அவர் அப்பா வாரினாராம், பாட்டி கழுதை ஓட்டிக்கொண்டு போய் வாரினாளாம். அம்மா மென்னா. அந்த அம்மாளுக்குத் தெரிந்த மரியாதை ஒன்றே ஒன்றுதான்: விருந்தாளிக்குத் தட்டை நிறைப்பது.

மறுநாள் காலையில் மாடிவரைக்கும் பன்றிக்கறி பொரிகிற வாசம் வந்தது. நான் சைவக்காரன் இல்லை. கள்ளுக்கடை மீன்கறிக்கு ஆசைப்பட்டு ஆற்றைத் தாண்டிப் போகிறவன். கீழே மேஜையில் அந்தக் கறி, அதன் கொழுப்பிலேயே வதக்கிய கக்கா, நடுவில் கன்னங்கரேலென்று வடை மாதிரி தட்டிப் பொரித்த ஒன்று. கடற்பாசியாம். பாறையிலிருந்து பிய்த்து, மணல் போகக் கழுவிக் கழுவி, காலையிலிருந்து சாயங்காலம் வரை வேகவைத்து, ஓட்ஸ் மாவில் புரட்டிப் பொரிப்பார்களாம். வேகவைத்துக் கடைந்ததை ஒரு கிண்ணத்தில் தனியாகவும் வைத்திருந்தார்கள். அதைப் பார்த்தால் வாசல் தெளிக்கக் கரைத்து வைத்த சாணி. வாசமோ பசியைக் கிளறியது.

"வயிறு சரியில்லை" என்றேன். மென்னா முகம் விழுந்துவிட்டது. கனகமும் தட்டைத் தொடவில்லை, ஆனால் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாடிக்கு வந்ததும் பெட்டியைத் திறந்தோம். மாங்காய் ஊறுகாய் வழியிலேயே கசிந்து என் வெள்ளை வேட்டியில் தேசப்படம் வரைந்திருந்தது. மிச்சம் இருந்தது நேந்திரங்காய் வறுவலும் எள்ளுருண்டையும். இரண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்து வறுவலைக் கடித்தோம். மர வீடு, சத்தம் கீழே கேட்கும் என்று கனகம் வாயில் ஊறவைத்துத் தின்றாள்.

"ஏனுங்க, ஃபோர்க்குல குத்தித் தின்னா கை நனையாதுங்களே?" என்றாள்.

"வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம் நீ" என்றேன்.

வயிறு சரியில்லாதவனுக்கு அடுத்த நாள் வேறு பதார்த்தம் வந்தது. கக்கா பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று மென்னா கல்லுமேக்காய் என்கிற கறுப்புச் சிப்பியை வேகவைத்தார். அதையும் தொடவில்லை என்றதும், உப்புச் சதுப்பில் முளைக்கும் ஒரு கீரையை வெண்ணெயில் வதக்கினார். கிள்ளினால் நறுக்கென்று ஒடியும், பச்சைக் குச்சி மாதிரி இருக்கும் கீரை. உலகத்தில் எந்த வியாதிக்காரனும் கீரை வேண்டாம் என்று சொல்லமாட்டான். நான் சொன்னேன். பிரபு மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தான். கேரிஸ், பாவம் அந்தப் பெண், மருந்துக் கடைக்கு ஓடிப்போய் எனக்கு மாத்திரை வாங்கி வந்தாள். சாப்பாட்டுக்குப் பிறகு போட வேண்டிய மாத்திரை.

அன்று மத்தியானம் ஹியூ எங்களைக் கடலோரப் பாறைகளுக்குக் கூட்டிப்போனார். கடல் காற்றுப் பட்டால் பசி எடுக்கும் என்பது அவர் கணக்கு. எனக்குப் பசி எடுக்காமல் இருப்பதுதான் சிக்கல் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். பாறையில் ஈரக் குடைத்துணி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்த பாசியைக் கையாலேயே பிய்த்து மூட்டையில் போட்டார். தொப்பி வடிவத்தில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு சிப்பியைக் கத்தியால் நெம்பி எடுத்து, அப்படியே பச்சையாக என்னிடம் நீட்டினார். நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன். அவர் அதைத் தானே தின்றுவிட்டு, "ரப்பர்தான், ஆனால் நல்ல ரப்பர்" என்றார். அவர் முதுகில் மழை வழிந்துகொண்டிருந்தது. கனகம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாறைக்குப் பாறை தாவிப் பாசி பிய்த்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளைப் பார்த்து வெகு நாளாயிற்று. எனக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது.

வறுவல் தீர்ந்தது. எள்ளுருண்டையும் தீர்ந்தது. பிரபுவுக்கும் கேரிஸுக்கும் டூட்டி இருந்த ஒரு நாள், கடைத்தெருவைப் பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டு நானும் கனகமும் ஸ்வான்சீக்குப் பஸ் ஏறினோம். அந்த நகரத்தின் மார்க்கெட் பெரிய கூரைக்கு அடியில் இருக்கிறது. இட்லி தோசைக்கு எங்கே போவது? கறிக்கடை, ரொட்டிக்கடை, நடுவில் வட்டமாகக் கக்காக் கடைகள். ஒரு கடையில் வெள்ளைத் தலைத்துணி கட்டிய அம்மாள், வேகவைத்த கக்காவைச் சின்னக் கிண்ணத்தில் அள்ளி, வினிகர் தெளித்து, வெள்ளை மிளகுப் பொடி தூவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

இது பெண் வீடு இல்லை, கடை. கடையில் தின்றால் யாருக்கும் யாரும் சம்பந்தி ஆகிவிட மாட்டார்கள். நான் ஒரு கிண்ணம் தின்றேன். உப்பும் புளிப்புமாக, மெத்தென்று, ஒவ்வொரு வாயிலும் ஒரு மணல் துகளோடு. இன்னொரு கிண்ணம் வாங்கினேன். கனகம் பாசி வடையைப் பிய்த்துத் தின்றுகொண்டே கண்ணை மூடிவிட்டாள். அப்போது அந்த அம்மாள் கேட்டாள்: "எந்த நாட்டிலிருந்து வந்திருக்கிறீர்கள்?"

"கேரளா."

"அட! என் தங்கை மகள் கேரளாப் பையனைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறாள். பையனுடைய அப்பா அம்மா வந்திருக்கிறார்களாம். பாவம், அந்த மனிதருக்கு வயிறே சரியில்லையாம். என் தங்கை ஒன்று மாற்றி ஒன்று சமைத்து ஓய்ந்துபோய்விட்டாள்."

என் வாயில் கக்கா இருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அந்த அம்மாள் என் குல்லாயைப் பார்த்தாள், கனகத்தின் புடவையைப் பார்த்தாள், காலியான கிண்ணங்களைப் பார்த்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் கனகம் மெதுவாக ஆரம்பித்தாள்: "ஏனுங்க, பெரியம்மா கடை பொண்ணு ஊடு ஆகுமுங்களா?"

"வாய மூடிட்டு வா."

"இல்லீங்க, தெரிஞ்சுக்கத்தான் கேட்டனுங்க. ஆகும்னா, நம்ம கை நனைச்சாச்சுங்க. ஆகாதுன்னா, சம்பந்தி ஊட்டுல தின்ன மாட்டேன்னுட்டு கடையில தின்னமுங்க. எது கேவலமுன்னு நீங்களே சொல்லுங்க."

இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

நாங்கள் போய்ச் சேருவதற்குள் சேதி போயிருந்தது. மென்னா சண்டை போடவில்லை. அன்று சாயங்காலம் எங்கள் இரண்டு பேருக்கும் முன்னால் ஒரு கிண்ணமும் வைக்கவில்லை, அவ்வளவுதான். ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர். "உங்களுக்குத் தொந்தரவு கொடுத்துவிட்டேன், மன்னியுங்கள்" என்றார். எங்கள் ஊர் வழக்கப்படி மிகச் சரியான உபசாரம் எனக்கு அந்த வீட்டில் அன்றைக்குத்தான் கிடைத்தது. அந்தத் தண்ணீரை என்னால் குடிக்க முடியவில்லை. கேரிஸின் கண் சிவந்திருந்தது. பிரபு என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"நாளைக்கு உங்களுக்கு வேற எடத்துல ரூம் பாத்துட்டனுங்ப்பா. நீங்க ஊருக்குப் போறதுக்குள்ள ஒண்ணு சொல்லிப்போடுங்க. ஆகும்னா ஆகும். ஆகாதுன்னா ஆகாது. அந்தம்மா மூஞ்சிய இனி என்னால பாக்க முடியாதுங்க."

ஆகாது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். அதற்காகத்தானே அவ்வளவு தூரம் போனேன். மாடிக்குப் போய்ப் பெட்டியைக் கட்டினேன்.

மறுநாள் எங்களை நகரத்தில் விட ஹியூ தன் வேனை எடுத்தார். மென்னா வாசலுக்கு வந்து, துணியில் சுற்றிய ஒரு டப்பாவை வேனுக்குள் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். ஹியூ நேர்வழியில் போகவில்லை. சதுப்பைத் தாண்டும் தாழ்வான ரோடு ஒன்று உண்டு, சுற்றுவழி. அதில் விட்டார். இரண்டு பக்கமும் உப்புப் புல், ஆடுகள். அமாவாசை பௌர்ணமியை ஒட்டிக் கடல் பொங்கும்போது அந்த ரோடு முழுகிவிடும் என்று பலகையே வைத்திருக்கிறார்கள். பாதியில் போகும்போது முன்னால் தண்ணீர். வேனைத் திருப்பினால் பின்னாலும் தண்ணீர். ஆடுகள் எங்களுக்கு முன்பே மேட்டில் ஏறி நின்று வேடிக்கை பார்த்தன.

தலைமுறை தலைமுறையாக அந்தக் கடல் எப்போது வரும் எப்போது போகும் என்று பார்த்து வாழ்கிற மனிதர். அவர் தெரியாமல் மாட்டிக்கொண்டார் என்று சித்தூரில் யாரிடமாவது சொன்னால் என்னைத்தான் சிரிப்பார்கள். ஹியூ எஞ்சினை அணைத்தார்.

"இனி தண்ணீர் வடிய வேண்டும். அதுவரை எங்கேயும் போக முடியாது" என்றார். பிறகு ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்: "என் சாப்பாட்டில் என்ன குறை?"

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் என் கல்லூரி இங்கிலீஷில் கொட்டிவிட்டது. "உங்கள் சாப்பாட்டில் குறையில்லை. குறை இருந்தால் இவ்வளவு கஷ்டமே இல்லை. எங்கள் வழக்கப்படி, பெண் வீட்டில் சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். நான் இன்னும் சம்மதிக்கவில்லை. என் பையன் உங்களிடம் பொய் சொல்லியிருக்கிறான்."

ஹியூ என் பக்கம் திரும்பினார். கத்துவார் என்று நினைத்தேன். அவர் கியருக்குப் பக்கத்தில் இருந்த டப்பாவை எடுத்து, இருக்கைக்குப் பின்னால் தள்ளி வைத்தார்.

"அப்படியானால் நீங்கள் சாப்பிட வேண்டாம்" என்றார். "நானும் இன்னும் சம்மதிக்கவில்லை. என் பெண்ணும் என்னிடம் கேட்கவில்லை. எல்லாரும் சந்தோஷமாக ஒத்துக்கொண்டார்கள் என்று சொன்னாள். எனக்கு இருப்பது ஒரே பெண். உங்களுக்கு அங்கே நிலம் இருக்கிறது, தோப்பு இருக்கிறது என்று உங்கள் பையன் படம் காட்டினான். அப்பா காத்துக்கொண்டிருக்கிறார் என்றான். என்றைக்காவது ஒரு நாள் அவளைக் கூட்டிக்கொண்டு அங்கே போய்விடுவான். கக்காவும் பாசியும் அங்கே கிடைக்குமா? அவள் எதை விட்டுவிட்டு வர வேண்டியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியட்டும் என்றுதான் தினமும் மேஜையில் வைத்தேன். நீங்கள் தொடவே இல்லை."

எனக்குத் தலையில் அடித்த மாதிரி இருந்தது. சம்மதம் என்பது என் மடியில் கட்டி வைத்திருக்கிற பொருள், நான் அவிழ்த்துக் கொடுத்தால்தான் உண்டு என்று நினைத்துக்கொண்டு வந்தவன் நான். பெண்ணைப் பெற்றவனிடமும் ஒன்று இருக்கும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. எனக்கு இருந்த அதே பயம் அந்த மனிதருக்கும் இருந்தது. என் பையனை அவர் பிடித்து வைத்துக்கொள்வார் என்று நான் பயந்தேன். அவர் பெண்ணை நான் கொண்டுபோய்விடுவேன் என்று அவர் பயந்தார். பிள்ளைகள் இரண்டும் எங்கள் இரண்டு பேரையும் கேட்காமலே எல்லாருக்கும் சம்மதம் என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தன.

தண்ணீர் டயரைத் தொட்டது. ஓர் ஆடு கத்தியது. எங்கள் பக்கம் பெண்ணைக் கேட்கப் போகிறவன் வாய் திறந்து கேட்க வேண்டும். எப்பேர்ப்பட்ட பண்ணையக்காரனாக இருந்தாலும் பெண் வீட்டு வாசலில் அவன் கேட்கிறவன்தான். நான் அங்கே போய் இறங்கிய நாளிலிருந்து யாரிடமும் எதையும் கேட்கவே இல்லை.

"ஹியூ" என்றேன். "அவர்கள் எங்கே இருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. உங்கள் பெண்ணை என் பையனுக்குக் கொடுங்கள். கேட்கிறேன்."

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, டப்பாவை எடுக்கக் கையைப் பின்னால் விட்டுத் துழாவினார். டப்பா அங்கே இல்லை.

திரும்பிப் பார்த்தோம். பின் இருக்கையில் கனகம் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பாதி காலி. விரலெல்லாம் கறுப்புப் பாசி, உதட்டோரம் எண்ணெய்.

"நீங்க ரெண்டு பேரும் பேசி முடிப்பீங்க, முடிப்பீங்கன்னு பாத்தனுங்க. ஆறிப்போகுதுங்களே" என்றாள். ஹியூவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. வேன் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

கனகம் ஒரு பாசி வடையைப் பிய்த்து ஆளுக்குப் பாதியாகக் கொடுத்தாள். ஃபோர்க் எதுவும் கிடையாது. கையால் வாங்கிக் கையாலேயே தின்றோம். மணத்தக்காளிக் கீரையைக் கடைந்து கருவாட்டுத் தண்ணீர் விட்ட மாதிரி இருந்தது. கூடவே இருந்த கக்காவில் மணல் நறநறத்தது. எவ்வளவு கழுவினாலும் கொஞ்சம் போகாது என்று ஹியூ வாயில் போட்டுக்கொண்டே சொன்னார்.

தண்ணீர் வடிய இன்னும் நேரம் இருந்தது. நான் பிரபுவுக்கு ஃபோன் போட்டேன்.

"எங்கீங்ப்பா இருக்கறீங்க? இன்னும் வந்து சேரலியே?"

"சாப்புட்டுட்டு இருக்கறோம்டா."

"எங்க?"

"உன்ற மாமனார் வேன்ல. உங்க அத்தையம்மா கட்டிக் குடுத்தது."

சித்தூரில் பிறந்த பையன். அதற்கு அர்த்தம் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் யாரோ யாரையோ கூப்பிடுவது மட்டும் கேட்டது. அப்புறம், "அப்பா, நெசமாலுமுங்களா?" என்றான்.

"பல்லுல மண்ணு மாட்டிக்கிட்டு உசுர வாங்குது" என்றேன். "அந்தப் புள்ளையக் கூட்டிக்கிட்டுச் சதுப்பு ரோட்டுக்குச் சீக்கிரம் வா. வரும்போது ஒரு பாட்டல் தண்ணி கொண்டா."